துரைசானி காலில் இறங்கிய ஆணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். கல்கத்தா ரோட்டில் ஓடுகிற பஸ்கள் புதுவாயல் வந்ததும் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்கள் கையிலெல்லாம் வாத்து. கூடையில் வாத்து, கோணிப்பையில் வாத்து, கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வாத்து. வாத்து இல்லாதவர்கள் நொண்டி ஆட்டையும், அதுவும் இல்லாதவர்கள் நொண்டுகிற மாமனாரையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஆணிச்சாமியாரு ஊருக்கு எப்பிடிப் போறது, நைனா?"

"பீச்சாங்கை பக்கம் நேராப் போய்க்கினே இரு. வாத்து கத்தற சத்தம் எங்க கேக்குதோ, அங்க நில்லு" என்பார் டீக்கடைக்காரர். அவர் கடைக்குப் பழைய பெயர் போய், 'ஸ்ரீ ஆணிமுத்து சாமியார் டீ கிளப்' என்று புதுப் பலகை மாட்டியாகிவிட்டது. சாமியார் அந்தக் கடையில் ஒரு வாய் டீ கூடக் குடித்ததில்லை. அதனால் என்ன? சாமி குடியிருக்காத ஊருக்கெல்லாம் சாமி பெயர் இல்லையா?

ரோட்டிலிருந்து உள்ளே போனால் கீழ்வாயல். ஐம்பது அறுபது வீடு, ஒரு குளம். குளத்தங்கரையில் தென்னை ஓலைப் பந்தல். பந்தலுக்குள் புலித்தோல் விரித்து (புலி அல்ல, மஞ்சள் பூசிய சாக்கு, கிட்டே போய்ப் பார்த்தவன் நான்) அதன்மேல் ஆணிமுத்து சாமியார். தாடி நெஞ்சு வரை. வாயில் எப்போதும் வெற்றிலை. பக்கத்தில் ஒரு விபூதிச் சட்டி, ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரு பித்தளைக் குழல், ஒரு சீடன்.

வாத்தை முன்னால் கிடத்துவார்கள். சாமியார் சட்டியின் பக்கம் திரும்பி ஒரு சிட்டிகை விபூதியை வாயில் போட்டுக்கொள்வார். அத்தோடு மௌனம். குழலின் ஒரு முனை வாத்துக் காலில், மறுமுனை தாடிக்குள். "உர்ர்ர்" என்று ஓர் உறிஞ்சல். தாம்பாளத்தில் 'ணங்' என்று ஓர் ஆணி விழும்.

"ஆத்தா!" என்று பந்தலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

காலில் ஓட்டை கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆணி மட்டும் வந்துவிட்டது. ஓட்டை இல்லாமல் ஆணி எந்த வழியாக வந்தது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடும், பக்கத்திலிருப்பவன் முறைப்பான், நமக்கேன் பேஜாரு என்று வாத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வாத்து அப்போதும் நொண்டியது. "போவப் போவ சரியாப்பூடும்" என்று சீடன் சொல்லியனுப்பினான். எங்கே போகப் போக என்று அவன் சொல்லவில்லை. சரியாகாத வாத்துகளை ஆத்தாளுக்கு விட்டுவிட வேண்டும் என்று விதி. ஆத்தாளுக்கு விட்ட வாத்துகள் சாமியாரின் குடிசைப் பக்கம் போகும். சாயங்காலம் அங்கிருந்து மிளகு வாசனை வரும்.

சாமியார் ஒரேயடியாக இந்த உயரத்துக்கு வந்துவிடவில்லை. சூளூர்பேட்டைச் சந்தையில் குழந்தைகளுக்குத் தொக்கம் எடுத்துக்கொண்டிருந்தவர். வயிற்றில் சோறு சிக்கிக்கொண்டது என்று சொல்லி, குழந்தையின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு சோற்று உருண்டையைத் துப்பிக் காட்டுகிற வைத்தியம் அது. சோற்று உருண்டையிலிருந்து இரும்பு ஆணிக்கு அவர் முன்னேறியது கீழ்வாயலில்தான். அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் ஒரே ஒரு வாத்து.

வாத்தின் பெயர் துரைசானி. வெள்ளை வெளேரென்று இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடக்கும். அதனால் அந்தப் பெயர். வளர்த்தவர் ஆதிகேசவன். அந்த ஊருக்குப் பெரியதனம் அவர்தான். அவர் சொன்னால் ஊர் கேட்கும். இரட்டை மாட்டு வண்டி வைத்து, ஆரணியாற்றில் புதிதாகக் கட்டுகிற பாலத்துக்குச் சாமான் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. காலையில் டீக்கடைக்குப் போனால் துரைசானியும் பின்னாலேயே போகும். அவருக்கு ஒரு டீ, அதற்கு ஒரு பொறை ரொட்டி. பொறையை டீயில் தோய்த்து அவர் ஊட்டுகிற அழகைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சின்னப்பொண்ணு, "என்னைக்காவது எனக்கு இப்பிடி ஒரு வாய் குடுத்திருக்குமா இந்த மனுசன்?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் துரைசானி நொண்டியது. மறுநாள் அதிகமாக நொண்டியது. அப்புறம் உட்கார்ந்துவிட்டது. ஆதிகேசவன் வண்டி கட்டவில்லை, நாஷ்டா தொடவில்லை.

சின்னப்பொண்ணு வாத்தின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால் ஆணியா இருக்கும்" என்றாள்.

உள்ளங்காலில் தோல் தடித்து, கட்டியாகி, நடந்தால் வலிக்குமே, அதற்குத்தான் கால் ஆணி என்று பெயர். செருப்பில்லாமல் நடக்கிற ஊரில் பாதிப்பேருக்கு அது உண்டு. அந்த வார்த்தையில்தான் ஆணி இருக்கிறதே தவிர, காலில் இல்லை. இது சின்னப்பொண்ணுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டவளுக்கும் தெரியும். ஆனால் செய்தி கிணற்றடிக்குப் போயிற்று. கிணற்றடியில், "துரைசானிக்குக் கால் ஆணியாம்." டீக்கடையில், "துரைசானி கால்ல ஆணியாம்." ஒரே ஒரு 'ல' கூடியது, அவ்வளவுதான். புதுவாயல் ஜங்ஷன் போய்த் திரும்பி வரும்போது, "துரைசானி கால்ல எவளோ ஆணி இறக்கிட்டாளாம்" என்றாகிவிட்டது.

எவள் என்று தேட நேரமாகவில்லை. குப்பம்மாள் இருந்தாள். குளத்தங்கரையில் நாலு பாத்தி கீரை போட்டு, விடியற்காலையில் பறித்துக் கூடையில் வைத்து, புதுவாயல் தெருவெல்லாம் கூவி விற்கிற கைம்பெண். நாற்பத்தைந்து வயது. கரும்பைக் கடித்துத் தின்கிற பல். யாருக்கும் பயப்படாத வாய். ஒருத்தி தனியாக இருந்து, யாருக்கும் பயப்படாமலும் இருந்துவிட்டால், பாதி சூனியக்காரி என்று நம் ஜனங்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு ஒரு சாட்சி வேண்டும். அதுவும் கிடைத்தது. துரைசானி அவள் முளைக்கீரைப் பாத்தியில் புகுந்து நாசம் செய்தபோது, "உன் கால்ல ஆணி எறங்க!" என்று அவள் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. அந்த ஊரில் மாட்டையும் மழையையும் மருமகனையும் எல்லோரும் அப்படித்தான் திட்டுவார்கள். ஆனால் மருமகனெல்லாம் நொண்டவில்லை, வாத்து நொண்டிவிட்டதே!

சூளூர்பேட்டைக்கு ஆள் போயிற்று. தொக்கம் எடுக்கிறவர் வந்தார். வந்த வழியிலேயே டீக்கடையில் முழுக்கதையையும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். துரைசானியின் காலில் குழலை வைத்தார். 'ணங்.'

"நைனா, இது ஆம்பள வெச்சது இல்ல" என்றார் சாமியார், கண்ணை மூடிக்கொண்டு. "பொம்பள. வாய் நீளம். ஒண்டிக்கட்டை. பச்சையா ஏதோ தெரியுது... பச்சப் பசேல்னு..."

"கீரை!" என்று கூட்டம் கத்தியது.

"நான் சொல்லல. ஆத்தா சொல்றா" என்றார் சாமியார். ஆத்தாளும் சொல்லவில்லை, நீங்கள்தானய்யா சொன்னீர்கள்!

அப்புறம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் வாத்து நொண்ட ஆரம்பித்தது. இது பொய்யில்லை, நிஜமாகவே நொண்டின. சில செத்தும் போயின. மற்ற ஊர்களில் எங்கோ ஒன்றிரண்டு வாத்து நொண்டும், கீழ்வாயலில் மட்டும் வீட்டுக்கு வீடு ஏன் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலையைத்தான் சாமியாரிடம் ஒப்படைத்தாயிற்றே! அவர் பந்தல் போட்டார். பஸ்கள் வந்தன.

ஒரே ஒரு சிக்கல். துரைசானி எழுந்து நடக்கவில்லை. ஆதிகேசவன் பெரியதனம், அவரிடம் "போவப் போவ" எடுபடாது.

"சாமி, எத்தினி ஆணிதான் எடுப்பீங்க? எடுத்துக்கினேதான் கீறீங்க. என் கொயந்த அப்பிடியேதான் குந்திக்கினு கீது" என்று ஒருநாள் அவர் குரல் உடைந்து கேட்டார்.

சாமியார் அசரவில்லை. "நான் எடுக்க எடுக்க அவ எறக்கிக்கினே கீறா, நைனா. மந்திரம் சொல்றவ வாயில முன்பல்லு ரெண்டும் இருக்கிற வரைக்கும் மந்திரம் பலிக்கும். வர்ற வெள்ளிக்கெயம அந்தப் பல்லத் தட்டிடு. பொயுது சாயறதுக்குள்ள உன் வாத்து ஓடும்."

ஒருவர் கூட 'ஐயோ' என்று சொல்லவில்லை. பல் தட்டுவதற்குத் தச்சர் தாவீதுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவரிடம் ஆணி பிடுங்குகிற குறடு இருந்தது. "நான் கதவு ஜன்னல் செய்யறவன். பல்லுக்கும் எனக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" என்று அந்த மனிதர் கெஞ்சிப் பார்த்தார். பெரியதனத்தின் வார்த்தையைத் தட்ட முடியவில்லை. வாத்துக்காக ஒரு பெண்ணின் பல்லைப் பிடுங்குகிற அளவுக்கு அந்த ஊரில் ஜீவகாருண்யம் முற்றிவிட்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பழவேற்காட்டிலிருந்து அப்துல் வாஹித் முட்டை வாங்க வந்தார். சைக்கிளில் பெரிய பிரம்புக்கூடை கட்டி வாரா வாரம் வருகிற வியாபாரி. அவரும் இடுப்பில் தாயத்துக் கட்டியவர்தான்; பகுத்தறிவுத் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் முட்டை விஷயத்தில் மட்டும் அவருக்கு நம்பிக்கை என்பதே கிடையாது. கையோடு ஒரு குண்டான் வைத்திருப்பார். ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மூழ்கினால் கூடைக்குள், மிதந்தால் அழுகல், திருப்பிக் கொடுத்துவிடுவார். பெரியதனம் வீட்டு முட்டைக்கும் அதே குண்டான்தான்.

"இன்னா குப்பம்மாக்கா, இன்னிக்கு கூவப் போவலியா?" என்றார், பாத்தியோரம் உட்கார்ந்திருந்தவளிடம்.

"நல்லாப் பாத்துக்கோ பாய். இதான் கடைசி தரிசனம்" என்று அவள் பல்லைக் காட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னாள்.

"யா அல்லா! ஓடிப்பூடு அக்கா. பொன்னேரில உன் தங்கச்சி ஊடு கீதே."

"ஓடினா நான்தான் சூனியக்காரின்னு நானே ஒத்துக்கினதாப் பூடும். பாத்திய எவன் பாத்துக்குவான்? பல்லு பூட்டா தெருவுல எப்பிடிக் கூவறது? 'சிறுகீரே'ன்னு வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வரும். கீரைய வாங்குவாங்களா, என்னப் பாத்து சிரிப்பாங்களா?"

வாஹித் பாய்க்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டாமல் பந்தலுக்குப் போய் ஒரு மூலையில் நின்றார். நாலைந்து வாத்துக்கு ஆணி எடுக்கிற வரை நின்றார். எல்லோரும் வாத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சாமியாரின் வாயைப் பார்த்தார்.

வாய் ஓயாமல் பேசியது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஆந்திரா கதை, காளஹஸ்தி கதை எல்லாம் சொல்லியது. விபூதிச் சட்டியின் பக்கம் திரும்பி, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்ட அடுத்த நொடியிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. "உம்" தான். ஆணி விழுந்ததும் மறுபடி பேச்சு. பேசுகிற வாயில் இல்லாத எதுவோ, பேசாத வாயில் இருக்கிறது!

வாஹித் பாய் திரும்பி வந்து, "அக்கா, வெள்ளிக்கெயம வரும்போது ஒரு சொம்பு தண்ணி மட்டும் எடுத்துக்கினு வா" என்றார்.

"எதுக்கு? வாயில ரத்தம் வந்தா கழுவறதுக்கா?"

"இல்ல. முட்டை நல்லதா அழுகலான்னு போட்டுப் பாக்கறதுக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. பந்தல் கொள்ளவில்லை. பல் பிடுங்குவதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குப்பம்மாளை நடுவில் உட்கார வைத்தார்கள். அவள் மடியில் சொம்பு. பக்கத்தில் தாவீது, குறடைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். எதிரே சாக்கின் மேல் துரைசானி; அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு ஆதிகேசவன். முதலில் கடைசி ஆணியை எடுப்பது, பிறகு பல்லைத் தட்டுவது என்று ஏற்பாடு.

சாமியார் சட்டியின் பக்கம் திரும்பினார். ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். மௌனமானார். குழலை எடுத்தார்.

"பெரியதனக்காரரே, ஒரு வார்த்தை" என்றபடி வாஹித் பாய் முன்னால் வந்தார். "உங்க சாமி காரியத்துல நான் மூக்க நொழைக்கல. ஒரு சந்தேகம், அவ்ளோதான். எங்க ஜனங்க தொழுவறதுக்கு முன்னாடி ஒளு செய்வோம். கை கழுவி, மூணு வாட்டி வாய் கொப்பளிச்சு, மொகம் காலு கழுவினாத்தான் பள்ளிவாசல்ல நின்னு தொழலாம். உங்கள்ல அந்த மாதிரி சுத்தமெல்லாம் கெடையாதா? சாமி வெத்தல எச்சிலோடயே ஆத்தா காரியம் செய்யறாரே?"

பந்தலுக்கு மானம் பொங்கியது.

"கெடையாதுன்னு யாருய்யா சொன்னது?" என்று ஒருவர் எழுந்தார்.

"பாய் ஊட்டுல மூணு வாட்டின்னா, நாம அஞ்சி வாட்டி!"

"ஏயி வாட்டி!" என்று பின்னாலிருந்து ஏலம் ஏறியது.

"அதானே! எச்ச வாயி என் துரைசானி மேல படக்கூடாது" என்றாள் சின்னப்பொண்ணு. என் துரைசானி என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சாமியார் பலமாகத் தலையை ஆட்டினார். "உம்! உம்! உம்!"

"சாமி மௌனம்! மௌனத்துல தண்ணி தொடக்கூடாது!" என்று சீடன் குறுக்கே விழுந்தான்.

"வாய் கொப்பளிக்க எதுக்குய்யா பேச்சு?" என்றார் ஆதிகேசவன். குப்பம்மாளின் மடியிலிருந்த சொம்பை எடுத்தார். "சாமி, கோச்சிக்காதீங்க. ஊரு பேசும். தலைய அண்ணாந்துக்குங்க, நானே ஊத்தறேன்." பக்தியோடு ஒரு கையால் சாமியாரின் தாடையைப் பிடித்து, மறு கையால் சொம்பைக் கவிழ்த்தார்.

பாவம், சாமியார்! துப்பினால் குட்டு வெளியாகிவிடும். வாயை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் தண்ணீரை விழுங்கிவிடலாம் என்று பார்த்தார். தண்ணீர் மட்டுமா போகும்? கண் பிதுங்கியது. முகம் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாக்குப் புலியின் மேல் உருண்டார்.

"சாமிக்கு அருள் வந்துடுச்சி!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாலு பேர் ஆட ஆரம்பித்தார்கள். அந்த மனிதன் செத்துக்கொண்டிருந்தான். இவர்கள் கற்பூரம் தேடினார்கள்.

"அருளும் இல்ல, ஒரு எழவும் இல்ல. தள்ளுங்கய்யா!" என்று எழுந்தவள் குப்பம்மாள். சாமியாரைக் குப்புறச் சாய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். மூன்றாவது குத்தில் வெற்றிலைச் சாறோடு ஓர் ஆணி வந்து தாம்பாளத்தில் விழுந்தது. 'ணங்.' அடுத்த குத்தில், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த இன்னொன்றும் வந்தது. 'ணங்.' அன்றைக்கு அந்தப் பந்தலில் நிஜமாகவே ஆணி எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

பித்தளைக் குழல் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. துரைசானியின் கால் பக்கமே அது போகவில்லை.

ஊர் தாம்பாளத்தைப் பார்த்தது, குழலைப் பார்த்தது, வாத்தைப் பார்த்தது. சாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். "பாத்தியா நைனா... குழலே வெக்கல... ஆணி நேரா என் வாய்க்கே வந்துட்சி. அதான் ஆத்தா பவரு!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள். "பவருதான்யா!" என்று இரண்டு பேர் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அந்தப் பவரு எங்க குடியிருக்குதுன்னு நான் காட்றேன்" என்று குப்பம்மாள் விபூதிச் சட்டியைத் தூக்கித் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். விபூதி புகைபோல எழுந்து அடங்கியது. உள்ளே குவியலாக ஆணி. எல்லாம் பளபளவென்று புது ஆணி. கடையில் வாங்கிய எண்ணெய்ப் பசை கூடப் போகவில்லை. சீடனைத் தேடினார்கள். அவன் கல்கத்தா ரோட்டில் பாதி தூரம் போயிருந்தான்.

அதுவரை கும்பிட்ட கைகளெல்லாம் இப்போது ஓங்கின. "தாவீது! அந்தக் குறட எட்றா! இவன் பல்லப் புடுங்கு!" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் முன்னால் குப்பம்மாளின் பல்லைக் கேட்ட அதே வாய்கள்தான். ஜனங்களுக்கு எப்படியாவது ஒரு பல் வேண்டியிருந்தது.

"ஒருத்தர் பல்லயும் புடுங்க வேணாம்" என்றாள் குப்பம்மாள். தாவீது குறடைத் துண்டில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்குக் கிளம்பினார். சாமியாரைக் கும்மிடிப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வண்டி கட்டினார்கள்.

ஆதிகேசவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அவன் திருட்டுப் பயன்னு ஆயிட்சி. அப்போ என் துரைசானி ஏன்யா நொண்டுது?" என்றார். அத்தனை நாளில் அந்த ஊரில் கேட்கப்பட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

வாஹித் பாய், "காலையில செத்த வாத்து எதுனா கீதா?" என்றார். கூட்டத்திலிருந்த கன்னியம்மா என்பவள் தன் வீட்டு வாத்தைக் கொண்டுவந்து போட்டாள். அவர் கத்தியால் வயிற்றைக் கீறி, இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள்ளே பொடிக்கல், நத்தை ஓடு, நடுவில் மூன்று நாலு ஆணித் துண்டும் ஒரு கம்பித் துண்டும். கம்பி இரைப்பையைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. சுற்றிலும் சீழ்.

"எங்க ஊர்ல தோணி கட்டற எடத்துல மேயற வாத்துக்கும் இதே கதிதான்" என்றார். "சேத்துல மூக்க உட்டு அளையும். தீனி அரைக்கிறதுக்குப் பொடிக்கல்லு முழுங்கற மாதிரி ஆணியயும் முழுங்கிடும். உள்ள குத்திச்சின்னா கால இழுக்கும். ஆணி கால்ல இல்லய்யா, வயித்துல. கெட்டது காலு இல்ல, தீனி."

"இந்த ஊர்ல ஆணி ஏது?" என்று யாரோ கேட்டார்கள். பழக்க தோஷத்தில் எல்லோரும் குப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் பாக்கறீங்க? உங்க அடுப்பப் பாருங்க!" என்று அவள் சீறினாள். விடுவிடென்று குளத்தங்கரைச் சாம்பல் மேட்டுக்குப் போய், கையை விட்டு அளைந்து, ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். தீயில் வெந்து கறுத்த ஆணிகள். வாத்து வயிற்றிலிருந்து வந்த அதே மாதிரி ஆணிகள்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. பாலம் கட்டுகிற இடத்தில் சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். சும்மா கிடைக்கிற விறகாயிற்றே என்று ஆதிகேசவன் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். ஆணியோடு எரித்தார்கள். ஆணியோடு சாம்பலைக் குளத்தங்கரையில் கொட்டினார்கள். வாத்துகள் வந்து அளைந்தன. கீரைப் பாத்திச் சண்டையால் அந்த விறகு கிடைக்காத ஒரே வீடு குப்பம்மாளுடையது. அவள் பனை மட்டைதான் எரித்தாள். ஊரில் வாத்து வயிற்றில் ஆணி இறக்காத ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான். அவளைப் பிடித்துத்தான் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள்.

ஆதிகேசவன் துரைசானியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். "நான்தாம்மா உனுக்கு ஆணி வெச்சேன். நானே கொண்டாந்து கொட்டினேன்." எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கே பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது. வாத்துக்காக அழத் தெரிந்த மனிதருக்கு, சொந்த ஊர்க்காரியின் வாயில் ரத்தம் வரும் என்று தோன்றவில்லையே!

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர், "குப்பம்மா, என்னமோ தப்பு நடந்துபோச்சி..." என்று ஆரம்பித்தார்.

"தப்பு தானா நடக்கலண்ணே. நீங்க நடத்துனீங்க" என்றாள் அவள். அவர் கீழே குனிந்துகொண்டார்.

துரைசானியைக் கும்மிடிப்பூண்டி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே போனதை யாரும் உறிஞ்சி எடுக்க முடியாது, சின்ன ஆணியானால் இரைப்பை மெல்ல மெல்ல அரைத்துவிடும், சாம்பல் மேட்டுப் பக்கம் விடாமல் நல்ல தீனி போடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஊர் கூடிச் சாம்பலைச் சலித்து, ஆணியைப் பொறுக்கி, குழி தோண்டிப் புதைத்தது. துரைசானி பிழைத்தது. கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கும். திமிர் மட்டும் குறையவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் கதை இன்னும் முடியவில்லை. கூட்டம் கலைகிற நேரம். கன்னியம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாம்பாளத்தில் கிடந்த புது ஆணிகளில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் ஒரு பெரிய மனிதர், ஜிப்பாப் பையில் இரண்டு.

குப்பம்மாள் பார்த்துவிட்டாள். "ஏண்டி கன்னியம்மா, அது எதுக்கு?"

"இல்லக்கா... அவன் திருடன்தான். ஆனா எத்தினி நாளு மந்திரம் சொன்னவன் விபூதியில கெடந்த ஆணி. நெலப்படியில அடிச்சி வெச்சா காத்து கருப்பு அண்டாதுன்னு..."

குப்பம்மாள் சிரித்தாள். முன்பல் இரண்டும் பளிச்சென்று தெரிய, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"வாத்துக்கு வாயில பல்லு கெடையாதுடி. எத்தப் போட்டாலும் அப்பிடியே முழுங்குது. உங்களுக்கெல்லாம் வாய் நெறயப் பல்லு கீதே! எத்தயும் கொஞ்சம் மென்னு பாத்துட்டு முழுங்கினா இன்னா?"